கண் தவறலாம், கண்ட சாட்சியை மறைக்கலாமா?



ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு எங்கள் மைதானத்தில் நடந்ததைப் பற்றி ஊரில் எல்லோரும் கதைத்து முடித்துவிட்டார்கள். தேநீர்க்கடையில் கதைத்தார்கள், பள்ளிவாசல் ஹவுழடியில் கதைத்தார்கள், வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுக் கதைத்தார்கள். இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தது நாங்கள், ஆசிரியர்கள், மட்டும்தான். இரண்டு கழகத்திலும் எங்களிடம் படித்த, இப்போதும் படிக்கிற பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் முகம் திருப்பும் என்ற பயம். அந்தப் பயம் சரியானதல்ல என்று இப்போது விளங்குகிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். இறுதிப் போட்டி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம். கடற்கரைப் பக்கத்துப் பொடியன் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கீழே விழுந்து, சுழன்று வெளியே வந்தது. கோல் காப்பாளர் பிடித்து உடனே தூக்கி அடித்துவிட்டார். மத்தியஸ்தர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வெயில் முகத்தில் அடிக்க நின்றார். கோட்டில் போட்ட சுண்ணாம்பு பாதி மணலோடு போய்விட்டிருந்தது. கோல் இல்லை என்றார். தூக்கி அடித்த அதே பந்தில் மறுபக்கம் கோல் விழுந்தது. அத்தோடு கிண்ணமும் போனது.

கம்பத்துக்கு நேராக நின்ற பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் அதைத் தன் போனில் பிடித்திருந்தான். நாங்கள் பார்த்தோம். பந்துக்கும் கோட்டுக்கும் இடையில் மணல் தெரிகிறது. முழுப் பந்தும் உள்ளே. அந்தப் பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு ஏற்பாட்டுக் குழுவின் மேசைக்கு ஓடினான். கிடைத்த பதில்: "வீடியோ பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. மத்தியஸ்தர் சொன்னது சொன்னதுதான்."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கதிரை பறந்தது. மத்தியஸ்தரைத் தள்ளினார்கள். அவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டைக் கிழித்தார்கள். விளக்கப்பிடிக்கப் போன பதினோராம் தரத்து மாணவனுக்கு நெற்றியில் நான்கு தையல். திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தால் ஒரே வகுப்பில் இரண்டு ஊர். ஜன்னல் பக்கம் ஒரு கழகம், சுவர்ப் பக்கம் மறு கழகம். இந்த வருடம் சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளைகள்!

இதற்கு யார் பொறுப்பு? மத்தியஸ்தரா? இல்லை. அவர் பார்க்கவில்லை, பார்க்காததை அவர் எப்படிக் கோல் என்று சொல்வது? தவறு எங்கே நடந்தது என்றால், மேசையில் நடந்தது. கையில் கொண்டுவந்து கொடுத்த சாட்சியைப் பார்க்க மறுத்த இடத்தில் நடந்தது. மைதானத்தில் இருந்த நாங்களும் சுத்தமானவர்கள் அல்ல. வீடியோ வருவதற்கு முன் மத்தியஸ்தரைப் பார்த்துக் கத்தியவர்களில் எங்கள் குரலும் இருந்தது. அந்த மனிதரிடம் மாப்புக் கேட்டுவிட்டோம். இங்கேயும் கேட்கிறோம்.

"பிழை விளையாட்டின் ஒரு பகுதி" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த வார்த்தை நம் ஊரில் பிறந்ததல்ல. உலக உதைபந்தாட்டத்தை நடத்தியவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவந்த வார்த்தை. அவர்களுக்கு அது என்ன கொண்டுவந்தது என்று பாருங்கள்.

1986 ஜூன் 22, மெக்சிக்கோ, உலகக் கிண்ணக் காலிறுதி. மரடோனா கையால் தட்டிய பந்து இங்கிலாந்தின் கோலுக்குள் போனது. அன்றைய மத்தியஸ்தர் டியூனீசியாவைச் சேர்ந்த அலி பின் நாசர். தனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, பக்கக்கோட்டு மத்தியஸ்தரைப் பார்த்தேன், அவர் கோல் என்பதுபோல் நடுக்கோட்டை நோக்கிப் போனார், அதனால் கொடுத்தேன் என்று பின்னாளில் அவர் விளக்கினார். உலகமே தொலைக்காட்சியில் கையைப் பார்த்தது. பார்க்க முடியாத ஒரே ஆள் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். மரடோனா புகழோடு போனார், 2015இல் டியூனீசியாவுக்கு வந்து அந்த மத்தியஸ்தரைச் சந்தித்துச் சட்டையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நல்ல விடயம். ஆனால் கைபட்ட கோலை ஏற்ற மத்தியஸ்தர் என்ற பெயரை அலி பின் நாசர்தான் ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்.

2009 நவம்பர் 18, பாரிஸ். உலகக் கிண்ணத்துக்குப் போவது பிரான்சா அயர்லாந்தா என்ற போட்டி. தியரி ஹென்ரி பந்தைக் கையால் அடக்கிக் கொடுக்க, வில்லியம் கல்லாஸ் கோல் போட்டார். பிரான்ஸ் போனது, அயர்லாந்து வீட்டில் இருந்தது. ஃபிஃபா பிறகு அயர்லாந்து சங்கத்துக்கு 5 மில்லியன் யூரோ கொடுத்தது 2015இல்தான் வெளியே வந்தது. இரண்டு நிமிடம் திரையைப் பார்க்க மறுத்ததற்கு 5 மில்லியன் யூரோ! அன்றைய மத்தியஸ்தர் மார்ட்டின் ஹன்சன், சுவீடனில் தீயணைப்பு வேலை செய்த ஒரு மனிதர். கையால் அடக்கியவரை விட அதிகமாக ஏச்சு வாங்கியவர் அவர்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

இதற்குப் பிறகாவது திருந்தினார்களா? இல்லை. 2010 மார்ச்சில் விதிகளை வகுக்கும் சர்வதேச சபை கூடி, கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதே வருடம் ஜூன் 27, தென்னாபிரிக்காவில் ஒரே நாளில் இரண்டு அடி விழுந்தது.

முதல் அடி புளும்பொன்டெயினில். ஜேர்மனி 2, இங்கிலாந்து 1. பிராங்க் லம்பார்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. கோல் காப்பாளர் எடுத்து விளையாட்டைத் தொடர்ந்தார். கோல் இல்லை. எங்கள் மைதானத்தில் நடந்ததன் அச்சு அசல்! 2–2 என்று சமமாகியிருக்க வேண்டிய போட்டி, கடைசியில் 4–1.

இரண்டாவது அடி ஜொஹன்னஸ்பேர்க்கில். ஆர்ஜென்டீனாவின் கார்லோஸ் டெவஸ் தெளிவான ஓப்சைட்டில் நின்று மெக்சிக்கோவுக்கு எதிராகக் கோல் போட்டார். மைதானத்தின் பெரிய திரையில் அந்தக் காட்சி திரும்ப ஓடியது. மெக்சிக்கோ வீரர்கள் திரையைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினார்கள். மத்தியஸ்தர் ரொபேர்ட்டோ ரொசெட்டி தன் உதவியாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து கோலைக் கொடுத்தார். வேறென்ன செய்வார்? திரையைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. ஆயிரக்கணக்கான பேர் உண்மையைக் கண்ணால் காண்கிறார்கள், நீதிபதி மட்டும் காணக்கூடாது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

இரண்டு நாளில் ஃபிஃபா தலைவர் செப் பிளட்டர் இரண்டு நாடுகளிடமும் மன்னிப்புக் கேட்டார். 2012 ஜூலையில் அதே சபை கோல் கோட்டுத் தொழில்நுட்பத்தை ஏற்றது. 2014 பிரேசில் உலகக் கிண்ணத்தில் ஒவ்வொரு கோலுக்கும் 7 கெமரா, பந்து கோட்டைத் தாண்டினால் மத்தியஸ்தரின் கைக்கடிகாரத்துக்கு ஒரு விநாடிக்குள் செய்தி. 2018 மார்ச்சில் வீடியோ உதவி மத்தியஸ்தர் முறையும், அதுதான் நாம் வீ.ஏ.ஆர். என்கிறோமே அது, சட்டப்புத்தகத்துக்குள் வந்தது. அந்த வருட ரஷ்ய உலகக் கிண்ணத்தில் அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? ஜொஹன்னஸ்பேர்க்கில் திரையைப் பார்க்க முடியாமல் நின்ற அதே ரொசெட்டி! வீடியோ வந்தால் மத்தியஸ்தருக்கு அவமானம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு மனிதரை நினைத்துப் பார்க்கட்டும். அவமானம் வீடியோவால் வரவில்லை, அது இல்லாததால் வந்தது என்று அனுபவித்து அறிந்தவர் அவர்.

"மத்தியஸ்தரின் மரியாதை போய்விடும்" என்பதற்கு எங்கள் தொழிலிலிருந்தே ஒரு பதில். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க எத்தனை பெற்றோர் எங்களைத் தேடி வருகிறீர்கள்? நாங்களே படிவம் நிரப்பித் தருகிறோம். விடைத்தாள் திருத்திய ஆசிரியருக்கு அதனால் மரியாதை போய்விட்டதா? கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதலில் படிப்பித்த பாடங்களில் ஒன்று, ஒரே விடைத்தாளுக்கு இரண்டு நல்ல ஆசிரியர்கள் இரண்டு புள்ளி போடலாம் என்பது. அதனால்தான் புள்ளித்திட்டம், அதனால்தான் மீள்பார்வை. உங்கள் பிள்ளையின் ஒரு ஏ சித்திக்கு மீள்பரிசீலனை வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோலுக்கு வேண்டாமா?

கிரிக்கெட்டைப் பாருங்கள். தொலைக்காட்சி பார்த்து ஆட்டமிழப்புக் கொடுப்பது 1992 நவம்பரில் டேர்பனில் ஆரம்பித்தது. அப்படி முதலில் ரன் அவுட் ஆனவர் சச்சின் டெண்டுல்கர். நடுவரின் தீர்ப்பை வீரரே மேன்முறையீடு செய்யும் முறை டெஸ்டில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது எங்கே? நம் கொழும்பில்தான், எஸ்.எஸ்.சி. மைதானத்தில், 2008 ஜூலையில், இந்தியாவுக்கு எதிராக. முரளியின் பந்தில் சேவாக் அந்த முறையில் ஆட்டமிழந்தார். இன்று கைகளால் டீ போட்டுக் காட்டாத சின்னப் பிள்ளை நம் ஒழுங்கையில் இருக்கிறதா? கிரிக்கெட் அழிந்துவிட்டதா? நடுவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களா?

இனி எதிர்ப்பக்கத்தின் நியாயங்களையும் பார்ப்போம். நியாயம் இல்லாமல் இல்லை.

"வீடியோ வந்தும் பிழை நடக்கிறதே" என்கிறார்கள். நடக்கிறது. 2023 செப்டம்பர் 30, லண்டன், டொட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட சரியான கோலை மைதானத்தில் ஓப்சைட் என்றார்கள். வீடியோ அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று தவறாக நினைத்து, "சரி" என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிவிட்டது, திருத்த முடியவில்லை. அறையில் பேசிய ஒலிப்பதிவைப் பிறகு பகிரங்கமாகவே வெளியிட்டார்கள். இதில் பிழைவிட்டது படமா? படம் சரியாகத்தான் காட்டியது. மனிதர் வாயால் பேசிக்கொண்ட முறை பிழை. பாலத்தில் ஒரு பலகை உடைந்தால் பலகையை மாற்றுவார்களா, ஆற்றை நீந்திக் கடப்போம் என்பார்களா? 2018 உலகக் கிண்ணத்தின் முதற் சுற்று முடிந்தபோது, வீடியோ இல்லாவிட்டால் 95 சதவீதம் சரியாக இருந்திருக்கும் முக்கிய முடிவுகள் வீடியோவோடு 99.3 சதவீதம் சரியானதாக ஃபிஃபா சொன்னது. அது அவர்களுடைய சொந்தக் கணக்கு, கொஞ்சம் குறைத்தே எடுங்கள். குறைத்தாலும் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறதல்லவா?

"ஆட்டத்தின் ஓட்டம் கெட்டுவிடும்" என்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்தால் கெடும், உண்மை. அதனால்தான் 2018இல் சட்டப்புத்தகத்துக்குள் வந்தபோது வீ.ஏ.ஆர். நான்கு விடயத்துக்கு மட்டும் என்று வைத்தார்கள்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, அட்டை ஆள்மாறிப் போனதா. அதிலும் தெளிவான பிழை என்றால்தான் தீர்ப்பு மாறும். எங்கள் இறுதிப் போட்டியில் கதிரை பறந்து ஓய எவ்வளவு நேரம் போனது? முக்கால் மணித்தியாலம். வீடியோ பார்க்க ஒரு நிமிடம்.

"அதெல்லாம் பணக்கார நாட்டு விடயம்" என்கிறார்கள். இதற்கான பதில்தான் பலருக்குத் தெரியாது. கெமரா குறைவான போட்டிகளுக்கென்றே ஒரு எளிய முறையை ஃபிஃபா 2024இல் பெண்களுக்கான 20 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணத்தில் பரீட்சித்தது. அதில் தனி வீடியோ அறையும் இல்லை, அறையில் மத்தியஸ்தரும் இல்லை. பயிற்றுநர் ஒரு போட்டிக்கு இரண்டு தடவை மீள்பார்வை கேட்கலாம். மத்தியஸ்தரே போய்த் திரையில் பார்த்து முடிவெடுப்பார். கேட்டது சரியென்றால் அந்த வாய்ப்புக் குறையாது. கிரிக்கெட்டில் நாம் பார்த்துப் பழகிய அதே ஒழுங்குதான்.

"சட்டத்தில் இடமில்லை" என்பது கடைசி ஆயுதம். சங்கத்தின் கீழ் நடக்கும் லீக் போட்டி என்றால் அனுமதி இல்லாமல் வீடியோ பார்க்க முடியாது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் நம் பெருநாள் கிண்ணம் எந்தச் சட்டத்தில் நடக்கிறது? ஒரு அணிக்கு ஏழு பேர், பாதிக்கு இருபது நிமிடம், மாற்று வீரர் எத்தனை தடவையும் உள்ளே வெளியே, சப்பாத்து இல்லாமலும் ஆடலாம், மஃரிப் பாங்குக்கு முன் முடிக்க வேண்டும். இவ்வளவையும் நம் வசதிக்கு மாற்றத் தெரிந்த கைக்கு, உண்மையைப் பார்க்க மட்டும் சட்டப்புத்தகம் ஞாபகம் வருகிறதா?

சாட்சியை மறைப்பது பாவம் என்று மதரஸாவில் ஓதிய சமூகம் நாம். பிறை கண்டார்களா இல்லையா என்று ஒவ்வொரு வருடமும் சாட்சி தேடி விடியும் வரை விழித்திருக்கிற சமூகம். ஒரு பிள்ளை கையில் சாட்சியோடு ஓடி வந்து நின்றபோது, பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அன்று அந்தப் பிள்ளை என்ன படித்திருப்பான்? உண்மையைக் கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை, கதிரையைத் தூக்கினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று படித்திருப்பான். நாங்கள் வகுப்பில் பத்து வருடம் படிப்பித்ததை அந்த மேசை பத்து விநாடியில் அழித்துவிட்டது. எங்கள் கோபம் இதுதான். கிண்ணம் யாருக்குப் போனது என்பதல்ல.

அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கேட்க இதை எழுதவில்லை. முடிந்தது முடிந்தது. அடுத்த போட்டிக்கு எங்கள் வேண்டுகோள் ஐந்து:

1. இரண்டு கோலுக்கும் கோட்டுக்கு நேர் நேராக ஒவ்வொரு போன், அசையாத காலில் பூட்டி வைக்க வேண்டும். நேராக என்பது முக்கியம். 2022 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிதோமா எடுத்துக் கொடுத்த பந்து, ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் முழுதாக வெளியே போனதுபோல்தான் இருந்தது. நேர் மேலே இருந்து எடுத்த படத்தில்தான் பந்தின் விளிம்பு கோட்டுக்கு மேல் இருப்பது தெரிந்தது. கோணம் பிழைத்தால் படமும் பொய் சொல்லும்.

2. கோலா இல்லையா, பெனால்டி, சிவப்பு அட்டை. இவை மட்டும். ஓப்சைட் வேண்டாம், இரண்டு போனை வைத்துக்கொண்டு அதைச் சரியாகப் பார்க்க முடியாது.

3. அணித்தலைவர் மட்டுமே கேட்கலாம். ஒரு போட்டிக்கு ஒரு தடவை. சரியென்றால் வாய்ப்பு மிஞ்சும்.

4. பார்ப்பவர் மத்தியஸ்தர் மட்டும். ஒரு நிமிடத்தில் தெளிவில்லை என்றால் முதலில் சொன்ன தீர்ப்பே நிற்கும். பார்வையாளர் போனில் வரும் படம் செல்லாது. அன்று அந்த மாணவனின் வீடியோ உண்மைதான், ஆனால் நாளை வெட்டி ஒட்டிய வீடியோவும் வரும்.

5. இவை எல்லாம் போட்டி தொடங்க முன் இரண்டு கழகமும் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும். மத்தியஸ்தர் மீது கை வைத்த கழகத்துக்கு இரண்டு வருடத் தடை.

ஐந்தாவதைச் சும்மா சொல்லவில்லை. 2019 மே 31, ஆபிரிக்க சம்பியன்ஸ் லீக் இறுதி. டியூனீசியாவின் எஸ்பெரன்ஸ், மொரோக்கோவின் விதாத். விதாத் போட்ட கோலை ஓப்சைட் என்று மறுத்தார்கள். வீடியோவைப் பாருங்கள் என்று கேட்டால், கருவி வேலை செய்யவில்லை. விதாத் வீரர்கள் தொடர்ந்து ஆட மறுத்தார்கள், கிண்ணம் எஸ்பெரன்சுக்குப் போனது, வழக்கு விளையாட்டு நீதிமன்றம் வரை போய் மாதக்கணக்கில் இழுபட்டது. இரண்டு பெரிய கழகங்கள், ஒரு கண்டத்தின் இறுதிப் போட்டி! கருவியை வைத்தால் மட்டும் போதாது. வேலை செய்கிறதா, செய்யாவிட்டால் என்ன என்பதையும் விசில் ஊத முன் பேசி முடிக்க வேண்டும்.

செலவு? இரண்டு போன் நம்மிடம் இருக்கிறது. இரண்டு கால்கள் பரிசளிப்பு மேடையில் போர்த்தும் பொன்னாடைகளின் விலைக்கு வரும். போன் பக்கத்தில் இருந்து கவனிக்க எங்கள் ஆசிரியர்களில் இருவர் தயார். கூலி வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும்.

ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிற காக்காமாரே, நீங்கள் எங்கள் எதிரிகள் அல்ல. மழையில் நனைந்து, கடைகடையாகக் காசு சேர்த்து இந்தப் போட்டியை வருடா வருடம் நடத்துகிறவர்கள் நீங்கள்தான். உங்கள் உழைப்பு ஒரு அடி மணலால் வீணாகிறதே என்றுதான் எழுதுகிறோம். கழகத் தம்பிமாரே, வீடியோ வந்தால் உங்களுக்கு எதிராகவும் தீர்ப்பு வரும். அன்றைக்கும் இதே வாயால் சரி என்று சொல்லத் தயாராகுங்கள். அது முடியாவிட்டால் வீடியோவும் நம்மைத் திருத்தாது.

அந்த மத்தியஸ்தர் இனி விசிலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகிறோம். இரண்டு கழகத்திலிருந்தும் இரண்டிரண்டு பேர் கூட வந்தால் நல்லது. சீட்டுக் கிழித்தவர் யாரென்று கேட்கமாட்டோம். புதுச் சீட்டுக்கான காசைக் கையில் கொண்டு வரட்டும், அது போதும்.

நெற்றியில் தையல் போட்ட பிள்ளை நலம், அல்ஹம்துலில்லாஹ். நேற்று வகுப்பில் சுவர்ப் பக்கத்திலிருந்து எழுந்து போய் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை. அவனுக்கு விளங்கியது பெரியவர்களான நமக்கும் விளங்க அல்லாஹ் துணை செய்யட்டும்.